காலண்டரில் ஏறிய மருந்து

சிவகாசிக் காலண்டரில் ஏறாத சாமி இல்லை. இந்த வருஷம் அழகுமீனாவும் ஏறிவிட்டாள். அச்சாபீஸ் வைத்திருக்கும் அவள் அப்பா, மகள் சிரிக்கிற படத்தைப் போட்டு, "குழந்தைகளின் மூளைக் கட்டிக்கு மருந்து கண்ட நம்ம ஊர் மகள்" என்று கொட்டை எழுத்தில் அடித்து, மளிகைக் கடை வரைக்கும் கொடுத்துத் தீர்த்தார்.

அவள் மருந்து எதையும் கண்டுவிடவில்லை. குளுட்டமின் என்ற அமினோ அமிலம் கிடைக்காமல் செய்தால் அந்தக் கட்டி எலிகளுக்குக் கொஞ்சம் மெதுவாக வளர்கிறது, பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் அவள் பார்த்தது அவ்வளவுதான். அச்சேற்றும் முன் அப்பா வாட்ஸப்பில் அனுப்பிக் கேட்கத்தான் செய்தார். தப்பு என்று தெரிந்தும், ஊர் பார்க்கட்டுமே என்ற ஆசையில் "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாள். படித்த பிள்ளையின் புத்தி போன போக்கு அது.

பொங்கல் லீவுக்கு வந்தவளைத் தேடி, தாயில்பட்டியிலிருந்து முத்துச்செல்வி வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மொட்டைத் தலையோடு மகள் பிரீத்திகா அவள் மேல் சாய்ந்து நின்றாள்.

"மதுரையில இவ தலையில இருக்க கட்டிக்குக் கரண்டு வச்சிக்கிட்டு இருந்தாக. காலண்டரப் பாத்ததும், பொங்கலுக்கு நீங்க வந்துருவீகள்ல, பிள்ளைய எதுக்கு வாட்டணும்னு நிப்பாட்டிட்டேன். மருந்தக் குடுங்க தாயி."

அழகுமீனா பதறி எழுந்தாள்.

"மருந்து இல்லக்கா. எலிக்குத்தான் பாத்துருக்கோம். பிள்ளைகளுக்குக் கேக்குமான்னே தெரியாது. அந்த ரேடியேஷன் கரண்ட நிப்பாட்டவே கூடாது. இப்பவே கிளம்புங்க, நானும் வாரேன்."

முத்துச்செல்வி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சுவரில் தொங்கிய காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார். "ரெண்டு வாரமா ஏம்மா வரல? பாதியில விட்டா கட்டி திரும்ப வளரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"கம்பெனியில லீவு தரல சார்."

"பிள்ளை உயிரவிட வேலை பெருசாப் போச்சா?"

முத்துச்செல்வி தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க்கா பொய் சொல்றீக?" என்று அழகுமீனா அவள் காதோடு கேட்டாள்.

"பேசாம இருங்க தாயி. நம்ம ஊருல படிச்ச பிள்ளை. ஒங்க பேரு கெடக் கூடாதுல்ல."

அழகுமீனா ஒரு நிமிஷம் பேசாமல்தான் இருந்தாள். பேர் தப்பித்தது என்று உள்ளே ஏதோ ஆறுதல்கூட வந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து, "நீங்க யாரும்மா? இவங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

"இல்ல டாக்டர். இவுக கரண்ட நிப்பாட்டுனதுக்குக் காரணம் நான்தான்" என்றாள் அழகுமீனா.