வாசலில் நிற்க வேண்டியவன்

மூன்று நிறங்களுக்கு மேல் எடுத்தால் எனக்குக் கை கூசும். மஞ்சட்காவி, செங்காவி, கரும்பழுப்பு. இடிந்த சுவருக்கு மண்ணின் நிறம் போதும் என்பது என் கட்சி. நாடு விட்டு வந்து, ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வாரம் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தூரிகை பிடிக்கிறவனுக்கு இந்தக் கொழுப்பு அதிகம்தான்.

இதே நகரத்தில், ஒனிஹங்காவில் இருக்கும் ரதிதேவி அக்கா, கிளிநொச்சியில் ஷெல் விழுந்து கூரையில்லாமல் நிற்கும் தன் வீட்டின் படத்தைப் போனில் அனுப்பி, நீர்வண்ணத்தில் கீறித் தரச் சொன்னார். நான்கு ஞாயிறுகள் மினக்கெட்டேன். கதவில்லாத வாசலின் இருட்டு அருமையாக வந்திருந்தது. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் அவரை வரச் சொன்னேன்.

அக்கா வாசலையே பார்த்தார். "நிமலன் எங்க, தம்பி?"

நிமலன் அவருடைய ஒரே மகன். யுத்தத்தின் கடைசி மாதத்தில், பதினேழு வயதில் காணாமற்போனவன். அவனுடைய படம் எதையும் அக்கா சுவரில் மாட்டியதில்லை. தனிப்படம் மாட்டினால் வருகிறவர்கள் மாலை போடச் சொல்வார்கள் என்று பயம். வாசலில் சின்னதாக நிற்கவைத்தால் அது வீட்டுப் படம், யாரும் வாய் திறக்க முடியாது. பதினாறு வருடத்தில் அவர் கண்டுபிடித்த வழி அது. என்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "அக்கா, இதில வெள்ளை பூசுறேல்லை. வெளிச்சமா ஆள் வேணுமெண்டால் முதலே அந்த இடத்தில தாளை வெள்ளையா விட்டுவைக்கோணும். இப்ப வந்து சொன்னால்?"

ஆனாலும் ஈரத் தூரிகையால் வாசலைத் தேய்த்து நிறத்தை எடுத்துப் பார்த்தேன். தாள் பிய்ந்து, வெளிறிப்போன ஒரு உரு வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெட்கமாகப் போயிற்று. புதுத் தாள் எடுத்தேன். "முதல்ல நிமலனுக்கு இடம் விட்டிட்டுத்தான் மற்றதைத் தொடுவன். எவ்வளவு உயரம், அக்கா?"

"என்ர தலைக்கு மேல, இவ்வளவு..." உயர்த்திய கை பாதியில் நின்றது. "அது அப்ப. இப்ப அவனுக்கு முப்பத்து மூண்டெல்லோ."

மீசை வைத்திருப்பானா, உடம்பு போட்டிருப்பானா, முன்தலை கொட்டியிருக்குமா? அக்கா கண்ணை மூடித் தேடினார். உயரத்தைக் கேட்ட என் வாயை என்ன செய்தாலும் தகும்.

கடைசியில் கையை இறக்கினார்.

"எனக்குத் தெரியேல்லைத் தம்பி. பதினேழு வயசாவே கீறுங்கோ. வீடு வேண்டாம். அவனைத் தனியாக் கீறுங்கோ."