மூன்றாம் ஆள்

புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர் பஸ்தியாம்பிள்ளை, தபாலில் சதுரங்கம் ஆடுவதற்கு ஒன்பது விதிகள் எழுதி அனுப்பியிருந்தார். அச்சடித்த மாதிரி எழுத்து. எதிராளியின் கடைசி நகர்வைத் திருப்பி எழுதிவிட்டு, அதன் கீழே தன் நகர்வை எழுத வேண்டும். பிழையான நகர்வை எழுதினால் தண்டனையாக ராசாவை நகர்த்த வேண்டும். தபால் பெட்டிக்குள் விழுந்த அட்டை விழுந்ததுதான், பின்னால் ஓடிப்போய் மாற்ற முடியாது. தோற்றவர் தோல்வியை எழுத வேண்டும், வென்றவர் அதை ஏற்றுப் பதில் எழுத வேண்டும், அதுவரை ஆட்டம் முடியாது. ஏழாவது விதிதான் என் கழுத்துக்கு வந்தது: மூன்றாம் ஆளிடம் உதவி பெறக்கூடாது; பெற்றது தெரிந்தால் ஆட்டம் தோல்வி.

இவற்றுக்குக் கீழே 'ஹாஷிம், துணிக்கடை, திருகோணமலை வீதி, கண்டி' என்று கையெழுத்து வைத்தது என் அண்ணன், எங்கள் பேச்சில் நானா. ஆடியது நான்.

நானா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சதுரங்கப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மழை நாளில் தன்னோடு ஆட ஆள் வேண்டுமே, எனக்குக் காய்களின் பெயரையும் போக்கையும் சொல்லித் தந்தான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் என்னிடம் அவனால் ஓர் ஆட்டமும் வெல்ல முடியாமல் போயிற்று. தோற்றால் கோபிக்கிற சாதி இல்லை அவன், அலுத்துப்போகிற சாதி. பலகையை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். அதை இறக்கித் தூசி தட்டியவள் நான். உம்மா கண்டும் காணாமலும் இருந்தார். காசு வைத்து ஆடாத வரைக்கும் பாவமில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

கடைக்குத் துணி சுற்றி வந்த பழைய பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். தபால் மூலம் சதுரங்கம் ஆட விரும்புகிறவர்கள் எழுதலாம் என்றிருந்தது. ஆண்கள் மட்டும் என்று போடவில்லை. போட வேண்டிய தேவை யாருக்கும் தோன்றியிருக்காது.

"என்ட பேரப் போடு," என்றான் நானா. "பொம்புளப் புள்ளைட பேர்ல வெளி ஆம்புளைக்கி தபால் காட் போனா ஊரு என்ன செல்லும்? நீ எழுது, நான் கொண்டுபோய்ப் போடுறன்."

எங்கள் கடைக்கு மேலேதான் வீடு. ஜன்னலின் மரச்சட்டங்களுக்கு இடையால் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கத்துச் சிவப்புத் தபால் பெட்டி தெரியும். பத்து எட்டு நடந்தால் தொடலாம். நான் பெரிய பிள்ளையான பிறகு அந்தத் தெருவில் கால் வைத்தது கிடையாது. கலியாணம், மௌத்து என்று நல்லது கெட்டது வந்தால் திரை போட்ட றிக்ஷா வாசலுக்கே வரும். ஆகவே நானாதான் என் கால். எழுத்து என்னுடையது, நகர்வு என்னுடையது, பெயரும் கால்களும் அவனுடையவை.

முதல் ஆட்டத்தில் நான் வென்றேன். பஸ்தியாம்பிள்ளை தோல்வியை எழுதிய அட்டையில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தார்: 'குதிரையை இப்படி ஆடுகிறவர் கண்டியில் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் இங்கே தேயிலைக்குள் தனியே குந்தியிருந்தேன்.' என்னை யாரும் அதற்கு முன்னால் கறிக்கு உப்புப் புளி சரி என்பதைத் தவிர வேறு எதற்கும் புகழ்ந்ததில்லை. அட்டையை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். வத்தேகமையில் கொப்பரா வியாபாரம், பளீல் என்று பெயர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: நிக்காஹ் நடப்பதற்கு முன்னால் இந்த ஆட்டத்தை முடித்துவிட வேண்டும். வத்தேகமையில் எனக்காகத் தபால் பெட்டிக்குப் போக யார் இருக்கப்போகிறார்கள்? என் தலைக்குள் இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்த ஒரு மனிதர் புசல்லாவையில் இருந்தார். என் பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஒரு யானையைக் கொடுத்துவிட்டு அவருடைய ராசாவை மூலைக்குத் தள்ளியிருந்தேன். எப்படி ஆடினாலும் அவருக்கு வழி இல்லை. அது அவருக்கு இன்னும் விளங்கவில்லை என்பது அவர் அட்டைகளின் உற்சாகத்திலிருந்து தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மனிதர் நேரில் வந்து நின்றார்.

நான் கடையின் பின்பக்கம், படிக்கட்டின் அடியில் இருந்தேன். கடைக்கும் எனக்கும் நடுவே ஒரு திரைச்சீலை.

"ஹாஷிம் எண்டது நீங்களோ தம்பி?" என்றது ஒரு யாழ்ப்பாணத்துக் குரல். "நான் பஸ்தியாம்பிள்ளை. கண்ணாடி மாத்திறதுக்குக் கண்டிக்கு வந்தனான். உங்களைப் பாக்காமல் போக மனம் வரேல்லை. பாருங்கோ, காயெல்லாம் கையோட கொண்டந்திருக்கிறன்."

கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. நானா சாக்குச் சொல்லிப் பார்த்தான். கடையில் வேலை, தலையிடி, அஸர் தொழுகைக்கு நேரமாகிறது. அவர் விடவில்லை. ஒரே ஓர் ஆட்டம் என்றார். அந்தச் சந்தோஷத்தை எப்படி மறுப்பது? திரைக்குப் பின்னால் நான் ஒவ்வொரு காயும் பலகையில் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை.

"இது மேற்று எல்லோ, தம்பி, உங்கட ராசாவுக்கு வழியில்லை," என்றார் அவர். சிரித்தார். நானா வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தார். "சரி, பகிடியை விட்டிட்டு ஆடுங்கோ."

நான் அவசரமாகத் தேத்தண்ணீர் ஊற்றி, கோப்பையால் தட்டைத் தட்டினேன். நானா திரைக்குள்ளே வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"எங்க நிக்கிது அவர்ட ராணி?" என்று காதோடு கேட்டேன்.

"நடுவுல."

"நடுவுலண்டா எங்க? குதிர எங்க? செல்லு, கெதியா."

"எனக்கி ஏலா தங்கச்சி. எல்லாம் ஒரே மாதிரி ஈக்குது."

கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். அந்தத் திரை வெறும் சீலை. ஒதுக்கிவிட்டு இரண்டு அடி வைத்தால் பலகை முன்னால் இருப்பேன். என் கால்கள் அசையவில்லை. யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, ஆனாலும் அசையவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலும் இந்த உலகத்தின் மேலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மேசையில் நடந்த இரண்டாவது ஆட்டம் முதலாவதை விடச் சீக்கிரம் முடிந்தது. இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ, தம்பி?" என்றார் மெதுவாக.

"பொம்புளையள் மட்டுந்தான், சேர்."

"அப்ப ஒருத்தரும் இல்லை," என்றார் பஸ்தியாம்பிள்ளை. காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். "நான் வாறன். பஸ் போயிடும்."

அடுத்து வந்தது அட்டை இல்லை, உறை ஒட்டிய கடிதம். தபால்காரன் வாசித்து நானாவின் மானம் போகக்கூடாது என்று உறைக்குள் போட்டிருந்தார். அவ்வளவு நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். 'தம்பி, நேரில் கண்டது எனக்கு மிகவும் மனவருத்தம். தபாலில் நடந்த இரண்டு ஆட்டங்களையும் நீங்கள் ஆடவில்லை என்பது விளங்கிவிட்டது. ஏழாம் விதிப்படி இரண்டும் உங்களுக்குத் தோல்வி. உங்களுக்கு உதவி செய்த அந்த மூன்றாம் ஆள் யார்? அவருடைய பெயரையும் விலாசத்தையும் அனுப்பினால், அவரோடு ஆட எனக்குப் பெரும் விருப்பம்.'

நான் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கேக்கிறாரு பாருங்க. பேரக் கேக்கிறாரு. எழுதிப் போடுங்க நானா."

"ஒனக்குப் பைத்தியமா?" என்றான். "வத்தேகமைக்குக் கத போனா? வெளி ஆம்புளைக்கி, அதுவும் சேர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு, பளீலுக்குப் பேசின புள்ள மாசக்கணக்கா காட் எழுதினாண்டா நிக்காஹ் நடக்குமா? உம்மா தாங்குவாவா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் அவனே தன் கோணல் எழுத்தில் பதில் எழுதிப் போட்டுவிட்டு வந்தான். என்ன எழுதினான் என்று சொல்லவில்லை. பஸ்தியாம்பிள்ளையின் பதில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

'தங்களுக்கு உதவி செய்த உறவினர் காலமானார் என்று அறிந்து மிகவும் துக்கப்பட்டேன். அவர் இருக்கும்போதே கண்டி வந்தும் காணக் கிடைக்கவில்லையே. நேற்று முழுவதும் எங்கள் இரண்டாவது ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். என் ராசாவுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. யானையைக் கொடுத்தபோதே அவர் இதைக் கண்டிருக்கிறார். காலமானவரிடம் விதி பேசுவது மரியாதையில்லை. இரண்டு ஆட்டமும் அவருக்கே வெற்றி. என் தோல்வியை இதன் மூலம் எழுதித் தருகிறேன். அவர் என்ன மார்க்கமானாலும் எங்கள் தேவாலயத்தில் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க ஆசைப்படுகிறேன். பெயர் தெரியாமல் செய்ய மனமில்லை. பெயரை மட்டும் எழுதுங்கள்.'

"பாத்தியா, நீதான் வெண்டிருக்கிய," என்றான் நானா. என்னைச் சந்தோஷப்படுத்துகிறானாம்.

எனக்கு வந்த அனுதாபக் கடிதத்தை நானே மடித்து வைத்தேன். உயிரோடு இருந்தபோது உள்ளே ஒருத்தரும் இல்லை. மௌத்தான பிறகு இரண்டு ஆட்டத்திலும் வெற்றி. சிரிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. உம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு ஓர் அட்டை எடுத்து எழுதினேன். விதிப்படி வென்றவர் பதில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் முடியாது.

'தங்கள் தோல்வியை ஏற்றுக்கொள்கிறேன். பூசை வேண்டாம், நான் மௌத்தாகவில்லை. எல்லா நகர்வும் என்னுடையவை. மூன்றாம் ஆள் என்று ஒருவரும் இருக்கவில்லை. என் பெயர் பஸீஹா.'

நானாவிடம் நீட்டினேன். நின்றுகொண்டே வாசித்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"சரி, தா," என்றான். "அஸருக்குப் போறப்ப போட்டுட்டுப் போறன்."

ஜன்னலுக்கு ஓடினேன். மரச்சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். அவன் தெருவைக் கடந்தான். பெட்டிக்கு முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இன்னொரு தரம் வாசித்தான். பெட்டியின் வாய் வரைக்கும் கை போனது. அங்கேயே நின்றது. பிறகு அட்டையை இரண்டாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, மேலே ஜன்னலைப் பார்க்காமல், பள்ளிவாசல் பக்கம் நடந்து போய்விட்டான்.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு வந்தான்.

"போட்டாச்சா நானா?" என்று கேட்டேன்.

"போட்டுட்டன்," என்றான்.

நாள் குறிக்க மறுநாள் வத்தேகமையார் வருகிறார்கள், வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவு என்று உம்மா கூப்பிட்டார். போய்த் துருவினேன்.