வேனின் முக்கோணக் கண்ணாடி

ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கக் கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி ஆட்டம் கண்டிருந்தது. அதன் வழியே மழை இறங்கி, இருக்கையில் இருந்த மருந்துப் பெட்டிகளை நனைத்துவிட்டது. இன்னொரு பெட்டி நனைந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கம்பெனிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். வேன்காரர் பட்டறைக்கு வந்தார்.

மெக்கானிக் கதவின் உட்பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார்.

"ஸ்பிரிங் செத்துப்போச்சுண்ணே. நட்டு சும்மா பேருக்கு நிக்குது. கொக்கியும் தேஞ்சிருக்கு." வெளியே வந்து கண்ணாடியைத் தடவினார். "இது தானா ஆனதில்ல. யாரோ தள்ளித் தள்ளித் தொறந்திருக்காங்க. திருடனுக்கு உங்க வண்டி பழகிப்போச்சு போல."

"திருடன் இல்லப்பா. என் தம்பி."

"சொந்த அண்ணன் வண்டிக்கேவா? ஒரு சாவியக் குடுத்துட்டாப் போச்சு."

"குடுத்தா வாங்கமாட்டான்."

அப்பாவின் சாவு வீட்டில் இவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டது. அதோடு தம்பி வாசல் மிதிக்கவில்லை. ஆனால் போக்கிடம் இல்லாத இரவுகளில் தெருவில் நிற்கும் வேனுக்கு வருவான். கட்டைவிரலால் கண்ணாடியைத் தள்ளி, ஒல்லிக் கையை நுழைத்துக் கதவைத் திறந்துகொள்வான். விடிவதற்குள் போய்விடுவான். இவர் பின்சீட்டில் ஒரு போர்வையை நான்காக மடித்து வைத்தார். காலையில் அது சுருட்டிக் கிடக்கும். அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். மழை தொடங்கியதிலிருந்து போர்வை மடித்தபடியே கிடந்தது.

"இப்பத் தள்ளிப் பாருங்க," என்றார், புது ஸ்பிரிங்கும் கொக்கியும் மாட்டி முடித்த மெக்கானிக். "காத்துகூட உத்தரவு கேட்டுத்தான் உள்ள வரணும்."

வேன்காரர் தள்ளினார். அசையவில்லை.

"தம்பி வந்தா கோச்சுக்கப் போறாரு."

"வந்தாத்தானே."

மெக்கானிக் பலகையைத் திருகி மூடினார்.

சாயங்காலம் வேன்காரர் வீட்டுக்கு எதிரே வேனை நிறுத்தினார். கதவைப் பூட்டாமல் விட்டால் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். கூப்பிட்டால் அவன் வரமாட்டான். கண்ணாடியின் புதுக் கொக்கியை மட்டும் எடுத்துவிட்டு, மறந்துபோனவர் மாதிரி இறங்கிக் கதவைப் பூட்டினார். கண்ணாடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஸ்பிரிங் முரண்டு பிடித்தது; பிறகு விட்டுக்கொடுத்தது. மூடிவிட்டு உள்ளே போனார்.

காலையில் போர்வை நான்கு மடிப்பாகவே இருந்தது. கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் தடம். தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

கொக்கியை மாட்டிவிட்டு, பெட்டி ஏற்றக் கிளம்பினார்.