பின்சீட்டுக்காரர்

எனக்கும் என் கணவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே செத்துப்போன கொழுந்தன். செத்தவர் செத்த இடத்தோடு இருந்திருந்தால் எனக்கு அவரோடு ஒரு சண்டையும் இல்லை. அவர் என் கணவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருந்தார்.

இதை நானாகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் பின்னால் ஏறிக்கொள்ளப் போனேன். "அங்க வேண்டாம். தம்பி இருக்கான்" என்றார் இவர். ஏதோ விளையாட்டு என்று சிரித்தேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நடந்ததை அன்றைக்கே சொன்னார். அண்ணனும் தம்பியும் வேலை முடிந்து ஒரே வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். அன்று வேலை பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஆனால் சாலை ஒருவழி என்பதால் வீட்டுக்குத் திரும்பப் பாலத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். பாலத்துக்கு முன்னால் இருக்கும் இடது வளைவில் நெரிசல். வண்டி ஒரு நிமிஷம் நின்றிருக்கிறது. தம்பியின் செருப்பு காலிலிருந்து நழுவி விழ, எடுக்க இறங்கியிருக்கிறான். சொல்லிவிட்டு இறங்கினானோ, சொன்னது இரைச்சலில் கேட்கவில்லையோ. வழி கிடைத்ததும் இவர் கிளம்பிவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் குனிந்திருந்தவனைக் கவனிக்கவில்லை.

இவர் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாராம். மேஸ்திரியைக் கிண்டல் செய்தாராம். பின்னாலிருந்து "ம்" என்று கேட்டதாம், பாரமும் இருந்ததாம். வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் சீட்டில் ஆளில்லை.

"ஆனா பாரம் மட்டும் இறங்கவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் இறங்கல" என்றார்.

அதிலிருந்து, வண்டியை எடுப்பதற்கு முன் தினமும் "உக்காந்தாச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். அப்புறம்தான் கிளம்புவார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவர், கட்டியவளை வண்டியில் ஏற்றவில்லை. என் தையல் கடை இவர் போகிற அதே சாலையில்தான் இருக்கிறது.

பொறுமையெல்லாம் ஒரு மழையோடு போயிற்று. பஸ் வரவில்லை, நான் தொப்பலாக நின்றுகொண்டிருந்தேன். இவர் வண்டியில் வந்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். பிறகு தன் மழைக்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டார். நிறுத்தத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு லாரியே தேவலாம் என்று நினைத்தேன். நினைத்ததற்கு அப்புறம் வருந்தினேன்.

அன்று சாயங்காலம் வாய்க்கு வந்தபடி பேசினேன். "உங்ககூட எனக்கு ஒரு இடம் உண்டா இல்லையா? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற வீடு பாத்துக்கிறேன்."

 அடுத்த ஞாயிறு இவர் பழைய இரும்புக் கடையிலிருந்து, பைக்கின் இடதுபக்கத்தில் மாட்டுகிற ஒரு சைடுகாரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். துருப்பிடித்த தகரமும் ஒற்றைச் சக்கரமுமாக, கால் உடைந்த குளியல் தொட்டி மாதிரி இருந்தது.

"உனக்குத்தான். உன் இடம்" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இடம் கேட்டவளுக்கு வெளியே ஒரு அறை கட்டிக் கொடுக்கிறார். ஆனாலும் ஒரு மனுஷன் தன்னால் முடிந்ததைச் செய்கிறார் என்று மனசு இளகத்தான் செய்தது. உட்காரும் இடத்துக்கு நானே ரெக்ஸினில் மெத்தை தைத்தேன்.

பொருத்துவதற்குப் பக்கத்துத் தெரு வெல்டர் வந்தார். அவருக்குப் பொறி என்று பெயர் விழுந்து அவர் சொந்தப் பெயரே ஊருக்கு மறந்துவிட்டது. வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் வேலை நடந்தது. பைக்கின் அடிச்சட்டத்தில் கீழே இரண்டு கிளாம்ப், மேலே இரண்டு கம்பி. மாட்டுவது பெரிய வேலை இல்லையாம், நேர் பார்ப்பதுதான் வேலையாம். பைக்கின் இரண்டு சக்கரங்களை ஒட்டி ஒரு நீள மரச்சட்டம் வைத்தார்கள், சைடுகார்த் தொட்டியின் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் என் தையல் டேப்பைப் பிடிக்கச் சொன்னார்கள். பின்பக்க இடைவெளியைவிட முன்பக்க இடைவெளி ஒரு விரல்கடை குறைவாக இருக்கவேண்டும்.

"தொட்டி வண்டியைப் பார்த்து லேசா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கணும்மா" என்றார் பொறி. "புருஷன் பொண்டாட்டி மாதிரி. ரொம்பத் திரும்பினா டயர் தேயும். திரும்பவே இல்லைன்னா தனியா ஓடப் பாக்கும்."

"எங்க வீட்டுக் கதையை யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?" என்றேன். இவர் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பிறகு சாய்மானம். வண்டி தொட்டிக்கு எதிர்ப்பக்கம் துளி சாய்ந்து நிற்கவேண்டும், பாரம் ஏறியதும் நேராகிவிடும். "வழக்கமா ஏறுற பாரத்தை ஏத்திட்டுத்தான் போல்ட்டை முறுக்கணும். இல்லைன்னா எல்லாம் பொய்" என்றார் பொறி. எனக்குப் பதிலாகத் தொட்டியில் ஒரு மணல் மூட்டையை வைத்தார். இவர் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் மண்டியிட்டு, மட்கார்டின் விளிம்பிலிருந்து தரைவரைக்கும் டேப்பைப் பிடித்திருந்தேன். இவர் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி நின்றது. அளவைச் சொன்னேன்.

"வழக்கமான பாரம் அவ்வளவும் ஏறியாச்சா?" என்று பொறி கேட்டார்.

இவர் பழக்கத்தில், யாருக்கும் கேட்காத குரலில், "உக்காந்தாச்சா?" என்றார்.

மட்கார்டு என் கட்டைவிரல் மேல் இறங்கியது. தட்டியதுபோல இல்லை, ஒரு ஆள் காலைத் தூக்கிப் போட்டு நிதானமாக உட்கார்ந்ததுபோல. டேப்பைப் பார்த்தேன். ஒரு விரல்கடை குறைந்திருந்தது. இவர் அசையவே இல்லை, பொறியின் கைகள் கிளாம்ப் மேல் இருந்தன. அதே அளவிலேயே அவர் எல்லாப் போல்ட்டையும் முறுக்கி முடித்தார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

போகும்போது பொறி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "தொட்டியில ஆள் இல்லைன்னா மூட்டையைப் போட்டுக்கங்க. காலித் தொட்டியோட இடது வளைவுல திரும்பினா, தூக்கிடும். அப்படியே கவுத்துடும்."

மறுநாள் நான் தொட்டியில் ஏறினேன். மூட்டையை ஷெட்டிலேயே விட்டுவிட்டோம். இவர் "உக்காந்தாச்சா?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி எனக்கு வந்தது என்று நினைத்து வாயைத் திறந்தேன். இவர் தலை பின்சீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தொட்டி தாழ்வானது. என் கண்ணுக்கு நேராக இவருடைய முழங்கால், அதற்குப் பின்னால் அந்தச் சீட்டு. சாலை நன்றாக இருந்தது, வண்டி நூல் பிடித்ததுபோல ஓடியது. பொறி சரியாகத்தான் பொருத்தியிருந்தார், மூன்று பேருக்கு. கொஞ்ச தூரம் போனதும் இவர் பேச ஆரம்பித்தார். யாரோ லிஃப்டுக்குள் பூனையை விட்டுவிட்டார்களாம், அது மாடி மாடியாகப் போய் வந்ததாம். சிரித்துச் சிரித்துச் சொன்னார், தோளுக்குப் பின்னால் திரும்பி. என்னிடம் ஒருநாளும் இவர் அப்படிப் பேசியதில்லை. இவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது.

எனக்கு நெஞ்சு எரிந்தது. பயமெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.

ஓரமாக நிறுத்தினார். எதிரே பாலம் தெரிந்தது, அதற்கு முன்னால் அந்த இடது வளைவு. நான் தொட்டியிலிருந்து இறங்கி, பின்சீட்டின் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி" என்றேன். அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் உங்க அண்ணி. நீங்க எனக்கு முன்னாடி வந்தவர்தான், ஒத்துக்கறேன். ஆனா இது என் இடம். உங்களுக்கு மெத்தையெல்லாம் தச்சுப் போட்டிருக்கேன். இறங்கி அங்க உக்காருங்க."

இவர் முகம் வெளிறிவிட்டது. "என்ன பண்ற நீ?"

"ஏறப்போறேன்."

"மூட்டை இல்ல. காலித் தொட்டி. வளைவுல தூக்கிடும், ரெண்டு பேரும் போயிடுவோம்."

"காலின்னு யார் சொன்னா?" என்றேன்.

நான் ஏறினேன். சீட்டு குளிர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி. இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் கேட்டார். "உக்காந்தாச்சா?"

"ஆச்சு" என்றேன். பிறகு தொட்டியைப் பார்த்துச் சொன்னேன். "தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

வளைவில் இவர் வேகத்தைக் குறைக்கத்தான் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது, குறைக்க முடியவில்லை. வண்டி இடதுபக்கம் திரும்பியது. நான் தொட்டியின் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தூக்கவேண்டும். தூக்கவில்லை. தார்ச்சாலையை விட்டு ஒரு நூலிழைகூட எழும்பாமல், முழுப் பாரத்தோடு உருண்டு வளைவைத் தாண்டியது. இவர் முதுகு என் கன்னத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கேயிருந்து கடைக்குப் போகவில்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கினேன். இவர் இறங்கவில்லை, ஹாண்டிலைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க இவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. நான் தொட்டியின் மேல் குனிந்தேன்.

"தம்பி, வீடு வந்தாச்சு. இறங்குங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மெத்தையின் நடுவில் ரெக்ஸின் குழிந்தே இருந்தது. வெயில் ஏறி வாசல் சிமெண்ட் கொதித்துக்கொண்டிருந்தது.

"அவன் கால்ல செருப்பு இல்ல" என்றார் இவர். குரல் சின்னப் பிள்ளையுடையதுபோல இருந்தது.

நான் என் செருப்பைக் கழற்றித் தொட்டியை ஒட்டி, வீட்டைப் பார்க்க வைத்தேன்.

"அளவு பத்தாது. வாசல் வரைக்கும்தானே" என்றேன்.

ஸ்பிரிங் மெல்ல முனகியது. தொட்டியின் விளிம்பு ஒரு விரல்கடை உயர்ந்தது, மெத்தையின் குழி தானாக நிமிர்ந்தது. இவர் பெட்ரோல் டாங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் வெறுங்காலோடு அந்தச் சுடுதரையில் நடந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, ஒருபக்கம் ஒதுங்கி நின்றேன்.