ஒன்றில் தொடங்கும் ஸ்கேல்

"இந்தப் பக்கம் ஒண்ணைக் காணோமே?" என்றாள் தையல்காரரின் மனைவி.

தையல்காரர் திரும்பவில்லை. கடையின் பின்சுவரில் அறைந்த பலகையில் அவர் செய்துகொண்டிருந்த வில் குறுக்காக உட்கார்ந்திருந்தது. அதில் தற்காலிகமாகப் பூட்டிய நாணில் கட்டிய கயிற்றைக் கீழே இழுத்து இழுத்து, வில்லின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையோடு பழகிய வாய் என்பதால் அந்த இரண்டு பக்கத்தையும் அவர் 'கை' என்றே சொல்வார். இடது கை சொன்ன பேச்சுக் கேட்டு வளைந்தது. வலது கை, மாமனார் வீட்டில் மரியாதை குறைந்துவிட்ட மருமகன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. காலையிலிருந்து அந்த விறைப்பைத்தான் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மேசை முழுக்க மரத்தூள். விறைப்பு மட்டும் குறைந்தபாடில்லை.

"எந்த ஒண்ணு?"

"நம்பரைச் சொல்றேங்க. அந்தப் பக்கம் நடுவுலேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒழுங்காப் போகுது. இந்தப் பக்கம் எடுத்த எடுப்புலயே ரெண்டு."

கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

வில் ஆறு மர ஸ்கேல்களால் ஆனது. ஒவ்வொன்றும் மூன்றடி. அவர் கடையில் இருந்தவை இரண்டு. மற்றவை, டேப்புக்கு மாறிவிட்ட பக்கத்துக் கடைக்காரர்கள் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. பக்கத்துக்கு மூன்றாக அடுக்கிப் பசை தடவி, நடுவில் கைப்பிடிக் கட்டை வைத்து ஒட்டி, முதுகில் காலர் கேன்வாஸை இழுத்துப் போர்த்தியிருந்தார். இழுப்பவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் அங்குல எண்கள் அப்படியே இருந்தன. அந்த எண்களை நம்பித்தான் இரண்டு முனையையும் முப்பத்துநாலில் அறுத்தார்.

வலது கையில் எண் தெரிகிற ஸ்கேல் அவருடையது. பல வருடம் முன்பு கதவிடுக்கில் சிக்கி அதன் நுனி பிளந்துபோனது. முதல் அங்குலத்தை அவரே நறுக்கென்று அறுத்தெடுத்தார். 'இது ஒண்ணுல ஆரம்பிக்கிற ஸ்கேல், ஒரு இஞ்சு கழிச்சுக்கணும்' என்று கடையில் வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார். அதை வைத்து ஆயிரக்கணக்கில் சட்டை வெட்டியிருக்கிறார். ஒன்றுகூட அங்குலம் குறைந்ததில்லை. இப்போது வில்லில் குறைந்துவிட்டது. இடது கை முப்பத்துநாலு அங்குலம், வலது கை முப்பத்துமூன்று. குட்டைக் கை விறைக்காமல் என்ன செய்யும்?

"அந்தப் பக்கமும் ஒரு இஞ்சு வெட்டிருங்களேன். சரியாப் போச்சு" என்றாள் மனைவி, நாணுக்கு நூல் முறுக்கியபடி. நாண் அவள் பொறுப்பு. ஜீன்ஸ் தைக்கும் நூலில் பதினெட்டு இழை, மெழுகு போட்டது.

"என் கை நீளம் உனக்குத் தெரியாதா? குட்டை வில்லை நான் இழுத்தா முறியும். போன ரெண்டும் அப்படித்தானே போச்சு."

போன இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த வில் மைதானத்தின் கொட்டகைச் சுவரில் தொங்கின. ஒன்று பழைய ஜன்னல் சட்டத்தில் செய்தது, இன்னொன்று துணி காயப்போடும் கழியில் செய்தது. கீழே சீட்டில் அவர் பெயர், தேதி, முறிந்தது எத்தனையாவது அம்பில் என்ற விவரம். மைதானத்தை நடத்திய அம்மாள் முன்பு விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை, எல்லோருக்கும் அவர் விசிலம்மா. அவர் சட்டம் எளிமையானது. சொந்தமாகச் செய்த வில் முப்பது அம்பு தாங்கினால், அதோடு வரிசையில் நிற்கலாம். மூன்று முறிந்தால், அப்புறம் ஆயுசுக்கும் கொட்டகையிலிருக்கும் பொது வில்தான். வில் முறிந்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் தெறிக்குமே என்பார். நியாயம்தான். ஆனால் தன் கையால் செய்யாத எதையும் தையல்காரர் இதுவரை உடம்பில் போட்டதில்லை. நாளைக் காலை மூன்றாவது வில்.

சரியாக அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, தச்சன். வந்தவன் வில்லைப் பார்த்தான், எண்களைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் துணிக்கட்டின் மேல் சரிந்து உட்கார்ந்து சிரித்தான்.

"மாமா, ஊருக்கே அளவெடுக்கிறவர் நீங்க! உங்களுக்கே ஒரு இஞ்சு துண்டு விழுந்துருச்சே!"

"வந்த வேலையைச் சொல்லு, மாப்ளே."

"மூணாவது வில்லு மாட்ட ஆணி இல்லைன்னாங்க விசிலம்மா. நானே போய் அடிச்சிட்டு வந்துட்டேன். ரெண்டரை இஞ்சு ஆணி. அசையாது."

"டேய், வாயை மூடு. இல்லே, தைச்சிருவேன்" என்றாள் அக்கா. ஆனால் அவளுக்கும் உதட்டோரம் துடித்தது.

தையல்காரர் வில்லை எடுத்துக்கொண்டு அளவு பார்க்கும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். ஆளுயரக் கண்ணாடி. எத்தனையோ பேரை அதன் முன் நிறுத்தி, தோளைத் தட்டி, 'நிமிர்ந்து நில்லுங்க' என்றிருக்கிறார். இன்று அவரே நின்றார். வில்லை நட்டமாகப் பிடித்தார். முஷ்டி நடுவில். அம்பை வைத்தார். அது முஷ்டிக்கு மேலே உட்கார்ந்தது.

கொஞ்ச நேரம் கண்ணாடியிலிருந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியை வைத்து அளக்காதே, ஆளை வைத்து அள என்று தினமும் சொல்கிற வாய். வில்லை அளந்தாரே தவிர, அம்பு எங்கே உட்காருகிறது என்று அளந்தாரா? கழுத்திலிருந்த டேப்பை உருவினார். அம்பிலிருந்து மேல்முனை ஒரு அளவு, கீழ்முனை ஒரு அளவு. இரண்டு கையும் சமமாக இருந்திருந்தாலும் கீழ்ப்பக்கம்தான் அதிகம் வந்திருக்கும்; குட்டைக் கை மேலே இருந்ததால் இன்னும் அதிகம் வந்தது. வில்லைத் தலைகீழாகத் திருப்பினார். குட்டைக் கை கீழே போயிற்று. மறுபடி அளந்தார். வித்தியாசம் பாதியாகியிருந்தது. அந்த விறைப்பும் கீழே இருந்தால் குற்றமில்லை. வில்லைப் பிடிக்கிற உள்ளங்கை அமுக்குவதே கீழ்க் கையைத்தானே; அது விறைப்பாக இருந்தால்தான் தாங்கும்.

திரையை விலக்கி வெளியே வந்தார். "இனிமே சுரண்டறதா இல்லை. வில்லு இப்படித்தான் இருக்கணும்."

"சமாளிக்கிறீங்களா, மாமா?"

"நாளைக்கு வந்து பாரு."

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. விசிலம்மா வில்லை வாங்கித் தடவிப் பார்த்தார். "இது வில்லா, வாய்ப்பாடா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவர்களை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். தையல்காரர் இழுத்தார். பத்து அம்பு வரை அவர் இலக்கையே பார்க்கவில்லை. காது முழுக்க மரத்தில் இருந்தது. பதினைந்துக்கு மேல் தோள் தளர்ந்து, வில் தானாக வளைந்து வருவதுபோல் இருந்தது. இருபதாவது, இலக்கின் விளிம்பில் தைத்தது. மனைவி விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். மச்சான் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

இருபத்தாறாவது அம்பை இழுத்துப் பிடித்திருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம்.

மைதானம் அப்படியே நின்றது. விசிலம்மாவின் விசில் உதட்டுக்குப் போய்விட்டது. தையல்காரர் மெதுவாக நாணைத் தளர்த்தினார். கேன்வாஸை விரலால் வருடினார், முனையிலிருந்து பிடிவரை, பிடியிலிருந்து முனைவரை. பிசிறில்லை.

"மன்னிச்சுக்குங்க மாமா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "என் விரல்தான். நெட்டி முறிச்சேன். பதட்டம்."

"உனக்கென்னடா பதட்டம்? ஆணி அடிச்சவன்தானே நீ?" என்றாள் அக்கா.

"அதுக்காக? முறியட்டும்னா நினைப்பேன்?"

முப்பதாவது அம்பு எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நிமிர்ந்து நின்று, தன் எண்களோடு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

கொட்டகைக்குள் மச்சான் தான் அடித்த ஆணியின் தலையைச் சுத்தியலின் பிளவில் கொடுத்து இழுத்தான். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். காரை உதிர்ந்தது, ஆணி வரவில்லை. வேலை சுத்தமாகச் செய்கிறவன். வேர்த்து வழிய அவன் விலகி நின்றதும், அக்கா தன் கைப்பையை அந்த ஆணியில் மாட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காணாமல் போன அம்பைத் தேடிப் புல்லுக்குள் இறங்கினாள்.