வலிக்காத நெஞ்சு

லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான். வருடத்துக்கு ஒருமுறை சோதிக்காத லிஃப்டைப் பூட்டிவிடுவேன். கட்டிட மேலாளர்கள், "நல்லாத்தானே ஓடுது?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் அரைமணி நேரச் சொற்பொழிவு உண்டு.

ஏழு வருடம் முன்பு எனக்கு வேறொருவருடைய இதயத்தை வைத்தார்கள். அதன் ரத்தக்குழாய்களைப் படமெடுக்க வருடாவருடம் வரச் சொன்னார்கள். ஐந்து வருடம் போனேன். பிறகு போகவில்லை. நல்லாத்தானே ஓடுது.

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருந்தேன். திங்கட்கிழமைதோறும் நான்கு மாடி ஏறுவேன். நெஞ்சு வலிக்காது. மூச்சு மட்டும் வாங்கும். பழியைத் தொப்பை மேல் போட்டேன். தொப்பை எதிர்த்துப் பேசவில்லை.

மனைவி பேசினாள். "செருப்பு மாட்டக் குனிஞ்சாலே இரைக்குது. வாங்க ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கு வலியே இல்லையே."

"எனக்கு இருக்கு, தலைவலி. கிளம்புங்க."

டாக்டர் என் மகள் வயதுப் பெண். அவரிடமும் பெருமையடித்தேன். "ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட நெஞ்சு வலிச்சதில்ல டாக்டர்."

"வலிக்காது சார். மாத்தி வைக்கும்போது வலியைச் சொல்ற நரம்பை அறுத்துத்தானே வைக்கிறோம். ரத்தக்குழாய் அடைச்சாலும் பல பேருக்குத் தெரியாது. அதுக்குத்தான் வருஷாவருஷம் படம். முதல்லயே சொல்லியிருப்பாங்களே?"

சொல்லியிருந்தார்கள். தலையும் ஆட்டியிருந்தேன்.

அபாய மணியின் ஒயரை அறுத்துவிட்டு, மணி அடிக்கவில்லை, ஆகவே பழுதில்லை என்று ஒருவன் என்னிடம் வந்து சொன்னால் அவனை லிஃப்ட் பக்கமே விடமாட்டேன்.

மணிக்கட்டு வழியே குழாய் விட்டுப் படமெடுத்தார்கள். ஓரிடத்தில் பெரிய அடைப்பு. அதை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற ரத்தக்குழாய்கள் நுனிவரை சுருங்கியிருந்தன.

"அதுக்கெல்லாம்?"

"அங்க ஸ்டென்ட் நிக்காது. மருந்தை மாத்தறோம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம். சுருங்கறது நிக்கலைன்னா இன்னொரு இதயம்தான் கேக்கணும்."

"கேட்டா குடுப்பாங்களா?"

"ரெண்டு வருஷம் எட்டிப்பாக்காதவருக்கா?" டாக்டர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் வேலைப்பையைத் திறந்தாள். லிஃப்டுக்குள் மாட்டும் வெற்றுச் சோதனை அட்டை ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அடுத்த சோதனைத் தேதியை எழுதினாள். சோதிப்பவர் கையெழுத்து என்ற கட்டத்துக்கு, பழக்க தோஷத்தில், நான் பேனாவை நீட்டினேன்.

"நீங்க சோதிச்ச லட்சணம் போதும்," என்று பேனாவை வாங்கி அவளே கையெழுத்துப் போட்டாள்.