மேலே உள்ளபடி

சொட்டு சிஸ்டருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் பயிற்சி வகுப்பு என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள். டயாலிசிஸ் பிரிவில் பத்தொன்பது வருடமாக ஊசி குத்துகிறவளுக்கு இனிமேல் என்னத்தைச் சொல்லிக்கொடுத்துக் கிழிக்கப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தாள். வீங்கிய கால்களைச் செருப்பிலிருந்து உருவி, மேசைக்கடியில் சில்லென்றிருந்த தரையில் வைத்தாள். அந்த ஒரு சுகத்துக்காகவாவது வந்தது சரி என்று பட்டது.

சொட்டு என்பது நோயாளிகள் வைத்த பெயர். தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் குடிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாளாம். முகத்துக்கு நேரே சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் சொட்டு. அவளுக்கும் தெரியும், அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும், அடுத்த முறை வரும்போது மெஷின்தான் அதை இழுத்து எடுக்க வேண்டும். அளவு மீறினால் மூச்சு முட்டும், இதயம் படுத்துவிடும். திட்டாமல் என்ன செய்வது?

சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி ஒருவரின் பதிவுத்தாள்களை ஆளுக்கொரு நகல் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை. பஸ் டிரைவர்.

ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இரண்டு கிலோ ஏறி வரவேண்டிய மனிதர் ஐந்து மாதமாக நாலு, நாலரை என்று ஏறி வந்துகொண்டிருந்தார். கேட்டால் ஒரே பல்லவி. "தாகம் சிஸ்டர். சாதாரண தாகம் இல்ல. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது."

"எல்லாருக்கும்தான் தாகம் எடுக்குது. நீங்க மட்டும் என்ன மகாராஜாவா?" என்பாள் இவள்.

அதோடு விடவில்லை. அவர் மனைவியைக் கூப்பிட்டு, "இனிமே நீங்கதான் காவல். பாவம் பார்த்தீங்கன்னா ஆளைத் தூக்கிக் குடுத்துடுவீங்க. கண்டிப்பா இருங்க" என்று சொல்லியனுப்பினாள். அந்த அம்மாள் வீட்டில் சமையலறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். அப்படியும் எடை குறையவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்தவர்களைப் பற்றி மேலிடம் கேட்டபோது, 'நோயாளியிடம் கட்டுப்பாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் சொட்டு சிஸ்டர்தான். நாலு வருடம் காத்திருந்து ஏழாவது இடத்துக்கு வந்திருந்த டிரைவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது.

பயிற்சி கொடுக்க வந்த டாக்டர் தாள்களைப் புரட்டினார். அவருக்கும் தூக்கம் போதவில்லை போலிருந்தது. கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்.

"எப்போலேர்ந்து எடை ஏறுது?"

"அஞ்சு மாசமா சார். அதுக்கு முன்னாடி தங்கமான மனுஷன்."

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துது?"

என்ன நடந்தது? அவளுக்கு நினைவில்லை. அவர் ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். டயாலிசிஸ் நடக்கும்போது டிரைவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது, வலியில் கத்தியிருக்கிறார். அந்த இழுப்பு நிற்க, மெஷினில் ஓடும் திரவத்தில் சோடியம் உப்பை நூற்று முப்பத்தெட்டிலிருந்து நூற்று நாற்பத்தைந்துக்கு ஏற்றச் சொல்லிப் பிரிவு டாக்டர் எழுதியிருந்தார். பக்கத்திலேயே, 'மூன்று முறை மட்டும்.' ஏற்றியதற்குக் கீழே இவள் கையெழுத்து.

அதற்கு அடுத்த தாளில் அளவு எழுதும் இடத்தில் 'மேலே உள்ளபடி'. அதுவும் இவள் எழுத்துதான். அதற்கு அடுத்ததிலும் 'மேலே உள்ளபடி'. பிறகு வேறு கைகள், வேறு பேனாக்கள், அறுபதுக்கும் மேற்பட்ட தாள்கள், எல்லாவற்றிலும் 'மேலே உள்ளபடி'. பதினெட்டு மெஷினுக்கு நாலு பேர். ஒருவரை இறக்கி முடிப்பதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். போன தாளைப் பார்த்து எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

"உப்பை நாமளே ரத்தத்துல ஏத்தி அனுப்பிட்டு, ஏன் தண்ணி குடிக்கறன்னு அவரைக் கேட்டிருக்கோம்" என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல். "இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தாகத்துக்கு இது போதும்."

பின்வரிசையில் யாரோ தன் தாள்களை அவசரமாகப் புரட்டும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர் புரட்டினார்கள். சொட்டு சிஸ்டருக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் வந்தது. அப்படியே தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பிரிவு டாக்டரிடம் தாள்களைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நானும்தான் கவனிக்கல" என்றார். அன்றைக்கே அளவைக் குறைத்தார்கள். டிரைவரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பலன் தெரியட்டும் என்றார் டாக்டர். அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

பலன் தெரிந்தது. மூன்றே கால், இரண்டே முக்கால், பிறகு இரண்டு. மூன்றாவது வாரம் எடை மெஷினிலிருந்து இறங்கிய டிரைவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"பார்த்தீங்களா சிஸ்டர்? இப்பல்லாம் தாகமே இல்ல. நீங்க திட்டுன திட்டு வீண் போகல. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நேரே பிரிவு டாக்டர் அறைக்குப் போனாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். "நோயாளி திருந்திட்டார்னு எழுதி, பேரை மறுபடி சேர்க்கச் சொல்லிடுவோம்."

"புதுசா சேர்த்தா கடைசியிலதான சார் போடுவாங்க?"

"ஆமா."

"தப்பு நம்மளோடதுன்னு எழுதினா?"

டாக்டர் பேனாவை மூடினார். "பழைய இடம் திரும்பக் கிடைக்கலாம். ஆனா விசாரணை வரும். பொறுப்பு சிஸ்டர் பதவிக்கு உங்க பேரைத்தான் அனுப்பியிருக்கேன். யோசிச்சுக்கோங்க."

அந்தப் பதவி கிடைத்தால் மெஷின் மெஷினாக ஓட வேண்டாம், உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஏழு வருடமாக அதற்குத்தான் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். கால்கள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நின்றபடியே ஒரு தாளை இழுத்து எழுதினாள். எந்தத் தேதியில் ஏற்றியது, யார் குறைக்க மறந்தது, எத்தனை முறை, கட்டுப்பாடு இல்லை என்று எழுதியது யார், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. டாக்டர் படித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு பெருமூச்சோடு அவள் பெயருக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

டிரைவரின் ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். "கடுதாசி போயாச்சு. பழைய இடம் கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிரைவர் மேலே பார்த்தபடியே கிடந்தார். கண்ணோரத்தில் வழிந்ததை ஊசி இல்லாத கையால் துடைத்துக்கொண்டார்.

"அப்போ எனக்கு எடுத்தது நிஜத் தாகம்தானா சிஸ்டர்?"

"நிஜத் தாகம்தான்."

"அதை என் பொண்டாட்டிகிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டா."

அந்த அம்மாள் வெளியே வழக்கமான நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏதாவது குடிச்சுட்டாரா சிஸ்டர்?"

"இல்லக்கா. உட்காருங்க." இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே சொன்னதை இன்னொரு முறை சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் கை பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"போன மாசம் குளிக்கப் போன இடத்துல குழாய்ல வாய வச்சுக் குடிச்சாரு" என்றாள் அந்த அம்மாள். "கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போயி கன்னத்துல அறைஞ்சேன். பொண்ணு பார்த்துக்கிட்டு நிக்குது. ஒரு வார்த்தை பேசல அவரு. வாயைத் துடைச்சுக்கிட்டு போயிட்டாரு." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான சிஸ்டர் கண்டிப்பா இருக்கச் சொன்னீங்க?"

"ஆமாக்கா" என்றாள் சொட்டு சிஸ்டர். "நான்தான் சொன்னேன்."